இருபத்து மூன்று வயது நாய்

அத்தியாயம் பதினொன்று

கிளினிக்கின் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு அத்தனை பிராணிகளையும் குடிமாற்றும் வேலையில் சின்னவன் இறங்கியதும், நடுவில் 'இந்த எண் ஏற்கெனவே உள்ளது, விட்டுவிடலாமா?' என்று திரை கேட்டதும், கேட்டுக்கொண்டே இருந்ததும், பொறுமையிழந்த அவன் 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ப் படுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போதே சிலர் எழுதி எச்சரித்தீர்கள். அவன் நம் பத்திரிகை வாங்குவதில்லை.

அந்த வீட்டில் அம்மா கால்நடை மருத்துவர். அக்காவும் கால்நடை மருத்துவர். வீட்டுக்குக் கீழேயே கிளினிக். வருகிறவர்களுக்கு அம்மா பெரிய டாக்டர், அக்கா சின்ன டாக்டர். சின்னவனை மரியாதையாக இன்ஜினியர் என்பார்கள். வேலை பார்த்த நிறுவனத்தை அவன் விட்டுவிட்டான் என்று வீட்டில் பேச்சு. நிறுவனம்தான் அவனை விட்டது என்பது அவனுக்கும் நிறுவனத்துக்கும் தெரியும்.

இன்றைக்கு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அப்பா கூடப் போயிருந்தார். அவர்கள் கிளம்பிய ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் அக்கா கையுறையை மாட்டிக்கொண்டே வந்து நின்றாள்.

"சாயங்காலம் அம்மா கண்ணுல கட்டோட வருவாங்க. அதுக்குள்ள உன் புது மெஷின் ஒழுங்கா வேலை செய்யணும்."

"செய்யும்க்கா."

"செய்யலேன்னா ஸ்டோர் ரூம்ல இருக்கிற பழசை நானே தூக்கிட்டு வந்து வெச்சுக்கறேன். நீ வெளிய எங்கயாவது வேலை தேடிக்கோ. உனக்கு இதுதான் கடைசி சான்ஸ்."

"அதை நீ சொல்ற மாதிரி சொல்லாம, கொஞ்சம் ஆறுதலா சொல்லலாம்ல?"

"நாய்க்கு ஊசி போடறப்பதான் நான் ஆறுதலா பேசுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன் மேசையில் உட்கார்ந்தான். எழுந்தான். நாற்காலியின் உயரத்தை மாற்றினான். மறுபடி உட்கார்ந்தான். முதல் போன் அடித்தது.

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர்.

"தம்பி, என் பூனைக்குத் தடுப்பூசி போடணும்னு மெசேஜ் வந்திருக்கே?"

"ஆமா சார், புது சிஸ்டம். தானாவே அனுப்பும். கூட்டிட்டு வாங்க."

"அது போய் ஏழு வருஷம் ஆச்சுப்பா."

"எங்க சார் போச்சு?"

சின்னவனுக்கு மெதுவாக விளங்கி, காது சிவந்தது. மன்னிப்புக் கேட்பதற்குள் போஸ்ட்மாஸ்டரே ஆரம்பித்தார்.

"இப்ப இருக்கிறது வேற பூனை. அதுக்கு மெசேஜ் வரல. அது கோவிச்சுக்காது, நான்தான் சொல்றேன்."

அடுத்த போன். அதற்கடுத்தது. மருந்துக்கடைக்காரர் வீட்டில் செத்துப்போன நாய்க்கு 'உங்கள் செல்லம் உங்கள் அன்புக்காகக் காத்திருக்கிறது' என்று போயிருந்தது. அவர் மனைவி காலையிலிருந்து அழுகிறாராம். ஒரு லாரி டிரைவர் மட்டும் சந்தோஷமாகப் பேசினார். அவர் பெயர் போட்டு இதுவரை யாருமே மெசேஜ் அனுப்பியதில்லையாம்.

நடுவில் சைக்கிள் கடைக்காரர் வந்து மேசைமேல் ஒரு முயலை வைத்தார். சின்னவன் அவருடைய எண்ணைத் தட்டினான். திரை அந்த முயலைக் கிளி என்றது. இறக்கை வெட்ட வேண்டிய தேதி தாண்டிவிட்டது என்றும் சொன்னது. சைக்கிள் கடைக்காரர் முயலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இண்டெக்ஸ் போயிடுச்சு" என்றான் சின்னவன் தனக்குத்தானே.

புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே, அதே வேலைதான் இண்டெக்ஸுக்கு. அது கெட்டால் புத்தகம் அப்படியே இருக்கும், பக்கமும் இருக்கும், தேடினால் மட்டும் சம்பந்தமில்லாத இடம் திறக்கும். மருத்துவம் எளிது. கெட்டதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டச் சொன்னால் கணினியே கட்டிக்கொள்ளும்.

கட்டச் சொன்னான். கட்டியது. 'பிழைகள் இல்லை' என்றது. சைக்கிள் கடைக்காரரின் எண்ணைத் தட்டினான். கிளி.

போன வாரம் விட்டுப்போனவற்றையும் சேர்த்து மறுபடி ஏற்றிப் பார்த்தான். 'ஒரே எண் இருமுறை. இண்டெக்ஸ் அமைக்க இயலாது' என்று திரை முறுக்கிக்கொண்டது. அம்மா கண் சரியாகத் தெரியாமல் எண்களை மாற்றி மாற்றி அடித்திருக்கிறாள், அதற்குத்தானே இன்றைக்கு ஆபரேஷன் என்று முடிவுகட்டினான். தப்பு தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. அது அதிக நேரம் நிற்கவில்லை.

வாசல் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு தையல்காரர் உள்ளே வந்தார். இரண்டு கையிலும் நாய். ஒல்லி உடம்பு, நீள மூக்கு, தொங்கும் தலை. வரும் வழியெல்லாம் வாந்தி எடுத்திருந்தது, அவர் சட்டையே சாட்சி.

"இன்ச் டேப்பை முழுங்கிடுச்சும்மா."

அக்கா நாயை வாங்கி மேசையில் கிடத்தினாள். வயிற்றை அழுத்தினாள். அது முனகியது.

"எவ்வளவு முழுங்குச்சு?"

"அறுபது இன்ச்சும் போயிடுச்சு. ஓரத்துல இருக்கிற பித்தளை மட்டும் கடிச்சுத் துப்பியிருக்கு."

"எப்போ?"

"நேத்தே காணோம். பக்கத்துக் கடைக்காரன்தான் எடுத்துட்டான்னு அவன்கூட சண்டைகூடப் போட்டுட்டேன்."

அக்கா எக்ஸ்ரே படம் எடுத்தாள். பார்த்தாள். படத்தைக் கீழே வைத்த விதத்திலேயே சின்னவனுக்குத் தெரிந்துவிட்டது.

"குடல் மடிப்பு மடிப்பா சுருங்கியிருக்கு. உடனே திறக்கணும்" என்றாள். "இதுக்கு முன்னாடி மயக்கம் கொடுத்திருக்கா?"

தையல்காரரின் முகம் மாறியது. "குடும்பக் கட்டுப்பாடு பண்ணப்ப பெரிய டாக்டர் கொடுத்தாங்க. ஏதோ ஒரு ஊசி போட்டதும் மூச்சு நின்னு போச்சு. ரொம்பப் போராடித்தான் காப்பாத்தினாங்க. அப்புறம் வேற ஒண்ணு போட்டாங்க, அது ஒண்ணும் பண்ணல."

"எந்த ஊசி?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? நான் வெளிய நின்னு அழுதுட்டிருந்தேன்."

அக்கா அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். மருந்து அலமாரியைத் திறந்து இரண்டு குப்பிகளை எடுத்து வைத்தாள். ஒன்று இந்த நாயைத் தூங்கவைக்கும். இன்னொன்று எழுப்பவே முடியாதபடி தூங்கவைக்கும். இரண்டுமே தண்ணீர் மாதிரி சாதுவாக இருந்தன.

"டேய், எடு. நாய் பேரு பாபின். தையல்காரர் வீடு."

அவன் எண்ணைத் தட்டினான். திரையில் வந்ததைப் படிக்க வாய் வரவில்லை.

"என்ன போட்டிருக்கு? சத்தமா படி."

"மேனேஜர்."

"எந்த மேனேஜர்?"

"நாய் பேரு மேனேஜர். கறுப்பு. வயசு இருபத்து மூணு."

தையல்காரர் நிமிர்ந்தார். "அது எங்க பழைய நாய் தம்பி. எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி வந்தது."

"இருபத்து மூணு வயசுல எந்த ஊர்ல நாய் இருக்கு?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. அவள் குரல் உயராமல் இருப்பது நல்ல அறிகுறி இல்லை. "போய்ப் பழைய மெஷினை எடுத்துட்டு வா."

ஸ்டோர் ரூமில் தீவன மூட்டைகளுக்கு அடியில் அது கிடந்தது. தூக்கிக்கொண்டு வந்து, தூசியைச் சட்டையால் துடைத்து, ஒயரைச் செருகினான். அது திறப்பதற்குள் அவன் மூன்று விரல் நகத்தைக் கடித்து முடித்திருந்தான். எண். என்டர்.

மேனேஜர்.

"இதுலயும் அதேதான்" என்றான். கூடவே, வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று பிறகு நினைக்கப்போகிற ஒன்றையும் சொன்னான். "அம்மா எழுதியிருக்க மாட்டாங்கக்கா. மறந்திருப்பாங்க."

"அம்மா எழுதாம விடமாட்டாங்க."

"இல்லாததை நான் எங்கேருந்து எடுக்கறது?"

"நீதானே குடிமாத்தினே? வண்டியிலேருந்து எதை வழியில போட்டுட்டு வந்தே?"

"நான் போடல! நம்பர் ரெண்டு தடவை வருது, மெஷின் ஏத்துக்க மாட்டேங்குது! அம்மாதான் கண்டபடி அடிச்சு வெச்சிருக்காங்க!"

மேசைமேல் பாபின் மறுபடி வாந்தி எடுத்தது. இருவரும் சண்டையை நிறுத்திவிட்டுத் துடைத்தார்கள். தையல்காரர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா?" என்றார்.

"போய்ச் சேராதுங்க" என்றாள் அக்கா. அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். பிறகு ஒரு குப்பியை எடுத்தாள். கீழே வைத்தாள். மற்றதை எடுத்து சிரிஞ்சில் ஏற்றினாள். "எனக்கு இதுதான் பழக்கம். வேற வழியில்ல."

"ஒரு நிமிஷம்" என்று சின்னவன் போனை எடுத்தான்.

அப்பா எடுத்தார்.

"அப்பா, அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. படுத்திருக்கா. இங்க காபி மெஷின் வேலை செய்யல, உனக்கு அதைப் பத்தி ஏதாவது தெரியுமா?"

"அம்மாகிட்ட குடுப்பா."

"தலையை ஆட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"பேசறதுக்குத் தலை எதுக்கு?"

"உங்கம்மா பேசினா தலையும் ஆடும்டா. இத்தனை வருஷமா பார்க்கறேன்."

"ஒரு நாய் உசிரு போகுதுப்பா!"

அப்பா ஸ்பீக்கரைப் போட்டார். அம்மாவின் குரல் தூக்கத்துக்குள்ளிருந்து வந்தது. "யாரு நாய்?"

"தையல்காரர் வீட்டு பாபின். அதுக்கு எந்த மயக்க மருந்து ஆகாது?"

"ரெண்டுல ஒண்ணு ஆகாது."

"எதும்மா?"

"எனக்கே மருந்து கொடுத்திருக்காங்கடா. தலை சுத்துது. நான் பாட்டுக்கு மாத்திச் சொல்லிட்டா அது செத்துப் போயிடும். எழுதி வெச்சிருக்கேன், பாரு."

"பார்த்தாச்சு, இல்ல. நீ எப்படித் தேடுவே?"

"நம்பர் அடிப்பேன். வரும்."

"என்ன வரும்?"

"பாபின் வரும்."

"எங்களுக்கு மேனேஜர் வருது."

"மேனேஜர் எங்கடா வரும், பாவம்" என்றாள் அம்மா. அந்தக் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

சின்னவன் பழைய மெஷினின் முன்னால் நின்றான். அதே மெஷின், அதே எண். அம்மா தட்டினால் பாபின், அவன் தட்டினால் மேனேஜர். மெஷினுக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியாது. அப்படியானால் அம்மாவின் கை வேறு ஏதோ செய்கிறது.

"அம்மா, கையைப் படுக்கைமேல வை. எதிர்ல கீபோர்டு இருக்குன்னு நினைச்சுக்கோ. பாபின் வந்திருக்கு, தேடு. அப்பா, நீ அவங்க விரலைப் பாரு."

"விரலை எதுக்குடா பார்க்கணும்?"

"பாருப்பா!"

"சரி, பார்க்கறேன். ம்... அடிக்கிறா. நம்பர் அடிக்கிறா. இப்ப பெரிசா ஒரு தட்டு, அது என்டரா இருக்கும். அப்புறம்... கை கொஞ்சம் வலது பக்கம் நகருது. கீழ ஒண்ணு தட்டறா. போர்வைல."

"கீழயா?"

"ஆமா. நடுவிரலால. சின்னதா."

"நான் ஒண்ணும் தட்டலையே" என்றாள் அம்மா.

"தட்டினே. இப்பத்தான் பார்த்தேன்."

"நம்பர் அடிச்சு என்டர் தட்டினேன். அவ்வளவுதான்."

"கண்ணு கட்டியிருக்கிறது உனக்கு. எனக்கில்ல."

அந்தத் தாம்பத்தியச் சர்ச்சை எப்படி முடிந்தது என்று சின்னவனுக்குத் தெரியாது. போனை மேசையில் போட்டுவிட்டு அவன் கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தட்டியிருந்தான்.

மேனேஜர் நகர்ந்து மேலே போனது. அதன் அடியிலிருந்து பாபின் வந்தது. வயது நான்கு. அம்மாவின் வழக்கமான பாணியில், மருந்தின் பெயர் போட்டு: 'இது ஆகாது. மூச்சு நின்றது. மற்றதைப் போடு, பாதி அளவில் ஆரம்பி.'

அவன் படித்தான். அக்கா தன் கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்தாள். அதைக் குப்பைக் கூடையில் போட்டாள், மற்றக் குப்பியை எடுத்தாள். பாதி அளவு மட்டும் ஏற்றினாள்.

கதவு மூடிக்கொண்டது.

தையல்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். சின்னவனால் உட்கார முடியவில்லை. பழைய மெஷினில் சைக்கிள் கடைக்காரரின் எண்ணைத் தட்டினான். கிளி. கீழே தட்டினான். முயல். போஸ்ட்மாஸ்டர்: பூனை, கீழே பூனை. ஒரு வீட்டில் நாய், அதன் கீழ் நாய், அதற்கும் கீழ் ஒரு நாய். அம்மா வீட்டுக்குத்தான் எண் கொடுத்திருக்கிறாள், பிராணிக்கு இல்லை. பழைய மென்பொருளின் இண்டெக்ஸ் பெருந்தன்மையானது. ஒரே எண்ணில் எத்தனை பேர் வந்தாலும் முகம் சுளிக்காமல் ஒருவர் அடியில் ஒருவராக நிறுத்திவைத்துக்கொள்ளும். புதியது அப்படியில்லை. ஒரு எண்ணுக்கு ஓர் உயிர் என்றது. அவன் எல்லாவற்றுக்கும் ஆம் என்றான். முதலில் வந்தவையெல்லாம் உள்ளே போயின, பின்னால் வந்தவையெல்லாம் வெளியே நின்றன. ஆக, ஒரே பொத்தானில் செத்தவற்றையெல்லாம் பிழைக்கவைத்து, இருப்பவற்றையெல்லாம் இல்லாமல் செய்திருந்தான். எந்த டாக்டராலும் முடியாத காரியம்.

அம்மா எண்ணை மாற்றி அடிக்கவில்லை. அதை நினைத்தபோது காலையில் சொன்னதெல்லாம் நாக்கில் கசந்தது.

வேலை இப்போது தெளிவாக இருந்தது. வீட்டு எண்ணோடு பிராணியின் பெயரையும் சேர்த்துக் கட்டினால் புதிய இண்டெக்ஸ் மறுக்காது. முதலில் தானாகப் போகும் மெசேஜ்களை நிறுத்தினான். பிறகு எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். கதவைப் பார்த்தான். தையல்காரரும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. அக்கா ஒரு தட்டை நீட்டினாள். மஞ்சள் டேப் சுருண்டு கிடந்தது.

"பொழைச்சுடுச்சு. மூச்சு ஒழுங்கா இருக்கு. சாயங்காலம் எழுந்துக்கும், ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்."

தையல்காரர் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "உங்க ரெண்டு பேருக்கும் சட்டை தைச்சுத் தர்றேன்மா" என்றார்.

"வேற டேப்ல அளவு எடுங்க" என்றாள் அக்கா.

அவர் நாயைப் பார்க்க உள்ளே போனதும் அவள் சின்னவனின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். அவன் விளக்கினான். மற்ற நாளாக இருந்தால் நடுவில் எழுந்து போயிருப்பாள். இன்று கடைசிவரை கேட்டாள்.

"அம்மா ஏன் புது நம்பர் கொடுக்கல, தெரியுமா?" என்றாள். "புது நாயோட வர்றவங்ககிட்ட புதுசா பதியணும்னா, பழசு என்னாச்சுன்னு கேட்கணும். அவங்க வாயால சொல்லணும். அம்மா கேட்க மாட்டாங்க. அதே நம்பர்ல போட்டுட்டு, அடுத்த பேச்சுக்குப் போயிடுவாங்க."

"எனக்கு ஏன் இதெல்லாம் முன்னாடியே சொல்லல?"

"எனக்கே இப்பத்தான்டா புரியுது. நான் எப்பவும் அம்மாவைத்தான் கேட்பேன், மெஷினைக் கேட்டதில்ல." ஸ்டூலைத் திரைக்கு இன்னும் அருகே இழுத்தாள். "இப்ப கட்டினா எல்லாம் வந்துடுமா? கீழ தட்டாமயே?"

"வரும். பேரைத் தட்டினா அந்தப் பிராணியே வரும். யார் தட்டினாலும்."

"யார் தட்டினாலும்" என்று அவளும் சொன்னாள். "புதுசா ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்தாக்கூட?"

"நேத்து படிச்சு முடிச்சவங்க வந்தாக்கூட. ஏன்?"

அக்கா கையுறையின் ஒரு விரலை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"வனவிலங்கு ஆஸ்பத்திரில வேலைக்குக் கேட்டிருந்தேன். கிடைச்சிருக்கு. யானை, சிறுத்தை எல்லாம் வரும். தொலைவு. போனா அடிக்கடி வர முடியாது."

சின்னவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"கட்டைப் பிரிக்கட்டும்னு இருக்கேன். இத்தனை நாளா பதில் சொல்லாம இழுத்துட்டிருந்தேன். இங்க இருக்கிறதெல்லாம் அம்மா தலையிலயும் என் தலையிலயும்தான் இருக்கு. நான் போயிட்டா அம்மா ஒத்தை ஆளா என்ன பண்ணுவாங்க? அதான் உன் மெஷின் சரியா வரணும்னு உயிரை எடுத்தேன். சரியாயிடுச்சுன்னா நான் நிம்மதியா கிளம்பலாம்."

"நான் என்னவோ உனக்கு இந்த கிளினிக் வேணும், அதான் என்னைத் துரத்தறேன்னு நினைச்சேன்."

"உன்னைத் துரத்தறது வேற விஷயம். அது எனக்குப் பொழுதுபோக்கு."

அவள் எழுந்து பாபினைப் பார்க்கப் போனாள். அவன் 'கட்டு' என்ற பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன வாரம் யோசிக்காமல் அழுத்தியவன் இப்போது ஒன்றுக்கு நூறு முறை யோசித்தான். கடைசியில், இதுவும் தப்பாகத்தான் வரும், அக்கா கிளம்ப மாட்டாள் என்ற நம்பிக்கையில் அழுத்தினான். பச்சைக் கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது. அவன் நாற்காலியின் உயரத்தை மாற்றினான். தண்ணீர் குடித்தான். கோடு பாதியில் நின்றபோது அவனுக்கு உள்ளூர ஒரு குதூகலம். அது மறுபடி நகர்ந்தது.

வாசலில் ஆட்டோ. ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டோடு அம்மா இறங்கினாள். மற்றக் கண்ணில் கண்ணாடி இல்லை. அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக மேசைக்கே வந்துவிட்டாள்.

"நாய் பொழைச்சுதா?"

"பொழைச்சுடுச்சும்மா" என்றாள் உள்ளேயிருந்து வந்த அக்கா.

"நான் கீழ தட்டறேனாம். உங்கப்பா சொல்றாரு. வழியெல்லாம் அதே பேச்சு." அம்மா திரைப்பக்கம் தலையைத் திருப்பினாள். அவளுக்கு அங்கே ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்திருக்கும். "புது மெஷின் சரியாயிடுச்சாடா?"

சின்னவன் திரும்பிப் பார்த்தான். பச்சைக் கோடு ஓடி முடித்திருந்தது. அதன் கீழே கொட்டை எழுத்தில் 'பிழைகள் இல்லை.'

அக்காவும் அதைப் படித்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் எழுந்து திரைக்கு முன்னால் நின்றுகொண்டான்.

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும்மா" என்றான். "நிறைய தப்பு வருது."

அம்மா தலையை ஆட்டினாள். ஆட்டக் கூடாது என்று அப்பா அதட்டினார். அக்கா அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை, நகரவும் இல்லை.